பிரேமதாசவும் நாம் போட்ட புள்ளடியும்

ஒவ்வொரு மே தினத்தன்றும் ரணசிங்க பிரேமதாச பற்றி இரண்டு வகையான கட்டுரைகள் வரும். ஒன்றில் அவர் ஏழைகளின் தோழன், வீடு கட்டித் தந்த பெருந்தகை. மற்றொன்றில் டயர் போட்டு எரித்த காலத்தின் நாயகன். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழ்பவர்களுக்கு அவர் விடயத்தில் வேறொரு கணக்கும் உண்டு. 1988 டிசம்பர் 19ஆம் திகதி எமது மக்கள் போட்ட புள்ளடி அவரை ஜனாதிபதி ஆசனத்தில் அமர்த்த உதவியது. அதற்குப் பிரதியாக எமக்கு ஒன்று கிடைத்தது. பின்னர் அதைவிடப் பெரிய ஒன்றை நாம் இழந்தோம். அந்தக் கணக்கை முழுமையாக எழுதியவர்கள் குறைவு.

அவரது வாழ்க்கையை எங்கிருந்து தொடங்கினாலும் முஸ்லிம்கள் குறுக்கே வருவார்கள். 1924 ஜூன் 23ஆம் திகதி அவர் பிறந்தது கொழும்பின் வாழைத்தோட்டத்தில். அந்தப் பகுதியைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பள்ளிவாசலும் பன்சலையும் கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கும், ஒரே குழாயடியில் மூன்று மொழியிலும் சண்டை நடக்கும் இடம் அது. லோரன்ஸ் கல்லூரியிலும் பின்னர் புனித சூசையப்பர் கல்லூரியிலும் படித்தார். பதின்ம வயதிலேயே சுசரித என்ற பெயரில் அயலிலுள்ள பிள்ளைகளைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். குடி, சூது என்பவற்றிலிருந்து தோட்டத்துப் பிள்ளைகளை மீட்பதே அதன் நோக்கம்.

சேனநாயக்க, பண்டாரநாயக்க, ஜயவர்தன, கொத்தலாவல என்று நிலமும் பரம்பரையும் உள்ள குடும்பங்களே இந்த நாட்டை ஆண்டு வந்தன. அந்த வரிசையில் வாழைத்தோட்டத்துக்காரர் ஒருவருக்கு இடமில்லை. அவர் ஏ.ஈ. குணசிங்கவின் தொழிற்கட்சி வழியாக 1950இல் கொழும்பு மாநகர சபைக்குள் நுழைந்தார். 1955இல் பிரதி மேயர். 1956இல் ஐக்கிய தேசியக் கட்சி மண்ணைக் கவ்விய தேர்தலில் ருவன்வெல்லையில் என்.எம். பெரேராவுக்கு எதிராக நின்று தோற்றார். 1960 மார்ச்சில் மத்திய கொழும்பில் வென்றார், அதே ஆண்டு ஜூலையில் தோற்றார், 1965இல் மீண்டும் வென்றார். மத்திய கொழும்பு பல அங்கத்தவர் தொகுதி. முஸ்லிம் வாக்கில்லாமல் அங்கே எவரும் கரையேற முடியாது. எமது சமூகத்தின் வாக்கு எப்படி நகரும், யாரிடம் பேசினால் நகரும் என்பதை அவர் ஜனாதிபதித் தேர்தலுக்கு இருபது வருடங்களுக்கு முன்பே படித்து முடித்துவிட்டார் என்பது என் எண்ணம்.

அவருடைய முதல் அமைச்சுப் பதவிக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. பலருக்கு அது ஞாபகத்தில் இல்லை. 1968இல் திருகோணமலைக் கோட்டைக்குள் உள்ள கோணேசர் கோயில் சூழலைப் புனித பிரதேசமாகப் பிரகடனம் செய்வது தொடர்பாக, உள்ளூராட்சி அமைச்சராக இருந்த தமிழரசுக் கட்சியின் மு. திருச்செல்வம் ஒரு குழுவை அமைத்தார். பிரதமர் டட்லி சேனநாயக்க அதைத் தடுத்தார். திருச்செல்வம் பதவி விலகினார். காலியான அந்தக் கதிரையில் உட்கார்ந்தவர்தான் பிரேமதாச.

1977இல் ஜே.ஆர். ஜயவர்தன ஆட்சிக்கு வந்ததும் வீடமைப்பு அவர் கைக்கு வந்தது. 1978 பெப்ரவரியில் பிரதமரானார். ஒரு இலட்சம் வீடுகள், பிறகு பத்து இலட்சம் வீடுகள், கம் உதாவ எனப்பட்ட கிராம எழுச்சி விழாக்கள் என்று ஊர் ஊராக ஓடினார். அதிகாலை நாலு மணிக்கு எழும்பி அதிகாரிகளுக்குத் தொலைபேசி எடுப்பார் என்று சொல்வார்கள். வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக ஐ.நா. சபை 1987ஐப் பிரகடனம் செய்ததற்கும் அவரது முன்மொழிவே காரணம். சிங்களத்தில் நாவல்களும் எழுதினார். ஆனால் 1983 ஜூலையில் தமிழர்கள் எரிக்கப்பட்டபோதும் அவர்தான் பிரதமர் என்பதை வீட்டுக் கணக்கோடு சேர்த்தே எழுத வேண்டும்.

இப்போது யுத்தத்துக்கு வருவோம்.

1987 ஜூலை 29ஆம் திகதி ஜே.ஆரும் ராஜீவ் காந்தியும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தார்கள். நாட்டின் பிரதமர் அந்த வைபவத்துக்குப் போகவில்லை. ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் எங்கள் துறைமுகத்தின் பெயர் இருந்தது. இந்தியாவின் நலனுக்குப் பாதகமான வகையில் எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் திருகோணமலை கொடுக்கப்படாது என்பதும், சீனக்குடாவில் உள்ள வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்க் குதங்களை இந்தியாவோடு கூட்டாக நடத்துவது என்பதும் அதில் அடங்கும். அமெரிக்கக் கடற்படை இங்கே வந்துவிடும் என்ற பயம் டெல்லிக்கு அப்போது பெரிதாக இருந்தது.

ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் ஒன்றாக்கியது. கிழக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருந்த முஸ்லிம்கள் இணைந்த மாகாணத்தில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கினார்கள். எம்மிடம் யாரும் கேட்கவில்லை. கையெழுத்து வைத்தவர்களும் கேட்கவில்லை, ஆயுதம் வைத்திருந்தவர்களும் கேட்கவில்லை. கிழக்கில் சர்வஜன வாக்கெடுப்பு நடக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது. அது ஒருநாளும் நடக்கவில்லை.

அமைதி காக்க வந்த இந்தியப் படை மூன்று மாதத்துக்குள் புலிகளோடு யுத்தம் செய்தது. அந்த யுத்தத்தை விரும்பியவர் என்று யாரையும் காட்ட முடியாது. தமிழர்கள் தம்மைக் காக்க வந்தவர்களால் அடிபட்டார்கள். தெற்கில் நாட்டை இந்தியாவுக்கு விற்றுவிட்டார்கள் என்று ஜே.வி.பி. துப்பாக்கி தூக்கியது. இந்தியாவிலேயே ஏன் எங்கள் பிள்ளைகள் அங்கே சாக வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. ஏறத்தாழ 1,200 இந்தியச் சிப்பாய்கள் இந்த மண்ணில் மாண்டார்கள்.

இந்த நிலையில்தான் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. இதைப் போன்ற ஒன்றை அமெரிக்கா 1968இல் கண்டது. வியட்நாம் யுத்தம் ஜனாதிபதி ஜோன்சனை மறுபடியும் போட்டியிடாமல் ஒதுங்க வைத்தது. அவரது உப ஜனாதிபதி ஹம்ஃப்ரி வேட்பாளராக நின்றார். யுத்தத்தை ஆதரித்தால் இளைஞர்கள் இல்லை, எதிர்த்தால் ஜனாதிபதி இல்லை என்ற இக்கட்டில் அவர் கடைசி வாரங்கள் வரை மென்று விழுங்கினார். நிக்சன் அவரை ஒரு வீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் முந்தினார். ஹம்ஃப்ரிக்கு முடியாததைப் பிரேமதாச செய்து காட்டினார். பதினொரு வருட அரசாங்கத்தின் அமைச்சர், அதில் பத்து வருடம் பிரதமர், ஆனாலும் அந்த அரசாங்கத்தின் யுத்தத்துக்கு எதிரான வேட்பாளர். தான் வென்றால் இந்தியப் படையைத் திருப்பி அனுப்புவேன் என்றார். ஒப்பந்த வைபவத்துக்குப் போகாமல் இருந்த அந்த ஒரு நாள், அவருக்குப் பதினாறு மாதம் கழித்து வட்டியோடு திரும்பி வந்தது. எதிரே நின்ற ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் அதே வாக்குறுதியைத்தான் தந்தார். ஆகவே யார் வென்றாலும் படை போகும் என்பது முடிவாகிவிட்டது. மிச்சமிருந்த கேள்வி, போன பிறகு என்ன என்பதுதான். அந்தக் கேள்வியை மேடையில் யாரும் எடுக்கவில்லை.

அந்த நேரத்தில் எமது சமூகத்தின் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் தலைமையிலான முஸ்லிம் காங்கிரஸ், 1988 நவம்பரில் நடந்த வடகிழக்கு மாகாண சபைத் தேர்தலில் 71 ஆசனங்களில் 17ஐ எடுத்திருந்தது. துப்பாக்கிகளுக்கு நடுவே மரச் சின்னத்துக்குக் கிடைத்த வாக்குகள் அவை. அடுத்து வரவிருந்த பாராளுமன்றத் தேர்தலில் ஒரு சிக்கல் இருந்தது. 1978 அரசியலமைப்பின்படி ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது பன்னிரண்டரை வீத வாக்கு எடுக்காத கட்சிக்கு அங்கே ஓர் ஆசனமும் கிடையாது. அம்பாறையில் பரவாயில்லை. முஸ்லிம்கள் சிதறி வாழும் மாவட்டங்களில் அந்தக் கதவு இரும்பால் அடைத்தது போல.

அஷ்ரப் கேட்டது பணமோ பதவியோ அல்ல. வெட்டுப் புள்ளியை ஐந்து வீதமாக்க வேண்டும் என்றார். பிரேமதாச சம்மதித்தார், ஜே.ஆரையும் சம்மதிக்க வைத்தார். அரசியலமைப்பின் பதினைந்தாவது திருத்தம் டிசம்பர் 17ஆம் திகதி சட்டமானது. தேர்தலுக்கு இன்னும் இரண்டே நாள். இந்த நாட்டில் சிறுபான்மைக் கட்சி ஒன்று வாக்குறுதியை நம்பாமல், வாக்களிப்புக்கு முன்பே கையில் வாங்கிக்கொண்ட பேரம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். பிறகு வந்த எமது தலைவர்கள் இந்தப் பேரத்தைப் பற்றி மேடை மேடையாகப் பேசினார்கள். முதலில் வாங்கிக்கொண்டு பிறகு வாக்களிப்பது என்ற அதன் அடிப்படையை மட்டும் அவர்கள் பின்பற்றவில்லை.

தேர்தல் நாள் திங்கட்கிழமை. நான் அப்போது பாடசாலை மாணவன். சந்திகளில் இந்தியச் சிப்பாய்கள் நின்றார்கள். வாப்பாவும் அயலவர்களும் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கூடிப் பேசிவிட்டு, தனித்தனியாகப் போகாமல் கூட்டமாகவே வாக்களிப்பு நிலையத்துக்குப் போனது ஞாபகம். தெற்கில் நிலைமை இதைவிட மோசம். வாக்களிக்கப் போனால் சாவு என்று ஜே.வி.பி. எச்சரித்திருந்தது. 1982இல் 81 வீதமாக இருந்த வாக்களிப்பு 55 வீதத்துக்கு விழுந்தது.

முடிவைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பிரேமதாசவுக்கு 25,69,199 வாக்குகள், ஸ்ரீமாவோவுக்கு 22,89,860, ஒஸி அபேகுணசேகரவுக்கு 2,35,719. வீதத்தில் பிரேமதாச 50.43. ஐம்பது வீதத்தைத் தாண்ட அவருக்கு மேலதிகமாக இருந்தது ஏறத்தாழ 22 ஆயிரம் வாக்குகள்தான். கிழக்கிலும் வெளியிலும் முஸ்லிம் காங்கிரஸின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு விழுந்த வாக்குகள் இதைவிடக் குறைவு என்று எவராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். முதல் எண்ணிக்கையிலேயே அவர் வென்றதில் எமது புள்ளடிக்குப் பங்குண்டு.

1989 ஜனவரி 2ஆம் திகதி கண்டி தலதா மாளிகையில் பதவியேற்றார். ஏழைக் குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபா என்று ஜனசவியவைத் தொடங்கினார். பாடசாலையில் பகலுணவு, பின்னர் இலவசச் சீருடை, கிராமங்களில் ஆடைத் தொழிற்சாலை, கச்சேரியையே ஊருக்குக் கொண்டுவரும் நடமாடும் சேவை. அடையாள அட்டை எடுக்க நாலு தடவை பஸ் ஏறியவர்களுக்கு அந்த நடமாடும் சேவையின் அருமை தெரியும். பெப்ரவரியில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் நாலு உறுப்பினர்களோடு உள்ளே போனது. 1984இல் ஜே.ஆர். கொழும்பில் திறக்க விட்ட இஸ்ரேல் நலன் பிரிவைப் பிரேமதாச 1990இல் மூடினார். அதுவும் எமது சமூகம் வருடக்கணக்காகக் கேட்டு வந்த ஒன்று.

மறுபக்கத்தில் அதே ஆண்டில் தெற்கின் ஆறுகளில் இளைஞர்களின் உடல்கள் மிதந்தன. ஜே.வி.பி.யும் கொன்றது, அரசும் கொன்றது. 1989 நவம்பரில் ரோஹண விஜேவீர கொல்லப்பட்டார். அதோடு அது ஓயவில்லை. 1990 பெப்ரவரியில் ஊடகவியலாளர் ரிச்சர்ட் டி சொய்ஸா வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டு, உடல் கடலில் கண்டெடுக்கப்பட்டது. அரசுக் கொலைகளை அவர் அறியவில்லை என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். அதிகாலை நாலு மணிக்கு ஊழியர்களை எழுப்பி வீதி விளக்கு எரிகிறதா என்று கேட்கும் ஒருவருக்கு இது தெரியாது என்பதை என்னால் ஏற்க முடியாது.

இந்தியப் படையை அனுப்பும் விடயத்தில் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். 1989 ஜூன் முதலாம் திகதி, பகிரங்கக் கூட்டமொன்றில், ஜூலை 29க்குள் படை வெளியேற வேண்டும் என்று அறிவித்தார். டெல்லி கொதித்தது. அதே நேரம் புலிகளோடு கொழும்பில் பேச்சுவார்த்தை நடந்தது. அரசின் பக்கம் பேசியவர் எமது அக்குறணையைச் சேர்ந்த அமைச்சர் ஏ.சி.எஸ். ஹமீத். இந்தியப் படையை விரட்டுவதும் அதன் நிழலில் இருந்த மாகாண அரசை உடைப்பதும் அப்போது இருவருக்கும் பொதுவான வேலை. அதற்காகப் புலிகளுக்கு அரசே ஆயுதம் கொடுத்தது. பின்னாளில் ஆணைக்குழு முன்னிலையிலும் இந்த விடயம் வந்தது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் கிழக்கு முஸ்லிம்களின் பாதுகாப்பு என்ற பேச்சு எந்த மூலையில் இருந்தது? நான் தேடிப் பார்த்தவரை காணவில்லை.

எங்கள் ஊரில்தான் மாகாண அரசின் தலைமையகம் இருந்தது. 1990 மார்ச் முதலாம் திகதி முதலமைச்சர் வரதராஜப் பெருமாள் இங்கே ஈழப் பிரகடனம் ஒன்றை வைத்துவிட்டு, சில நாட்களில் இந்தியாவுக்குப் போய்விட்டார். மார்ச் 24ஆம் திகதி, சனிக்கிழமை, கடைசி இந்தியச் சிப்பாய்களை ஏற்றிய கப்பல்கள் எங்கள் துறைமுகத்திலிருந்து புறப்பட்டன. நோன்புக்குச் சில நாட்களே இருந்தன. உட்துறைமுக வீதியில் நின்று பார்த்தவர்களில் சிரித்தவர்களும் உண்டு, வாய் திறக்காமல் வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. தமிழ், சிங்களம், முஸ்லிம் என்று ஏறத்தாழ மூன்று சம பங்காகப் பிரிந்த மாவட்டம் இது. இனி யாருடைய துப்பாக்கிக்குக் கீழே இருக்கப் போகிறோம் என்பதே எல்லோருடைய மனதிலும் இருந்த கேள்வி.

பதில் வர மூன்று மாதம் ஆகவில்லை. ஜூன் 11ஆம் திகதி புலிகள் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைச் சூழ்ந்தார்கள். சரணடையுமாறு கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது. சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் கொல்லப்பட்டார்கள். ஹமீத் யாழ்ப்பாணம் போய்ப் பேசிப் பார்த்தார், பலனில்லை. ஆகஸ்ட் 3ஆம் திகதி வெள்ளிக்கிழமை இரவு காத்தான்குடியில் மீராப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒன்பது நாள் கழித்து ஏறாவூர். ஒக்டோபரில் வடக்கிலிருந்து எமது மக்கள் முழுமையாக வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உடுத்த உடையோடு புத்தளம் பக்கம் நடந்தார்கள். அந்தக் கொலைகளைச் செய்தவர்கள் புலிகள். அதில் மயக்கம் வேண்டாம். ஆனால் சில மாதங்களுக்கு முன் அவர்களுக்கு ஆயுதம் கொடுத்த கையும், கிழக்கைக் காவலின்றி விட்ட கையும் யாருடையது என்று கேட்க எமக்கு உரிமை உண்டு. அந்தக் கைக்கு நாமும் வாக்களித்திருந்தோம்.

பிறகு அரசு முஸ்லிம் ஊர்களுக்கு ஊர்காவல் படையைத் தந்தது. அது சில ஊர்களைக் காத்தது. சில இடங்களில் அந்தத் துப்பாக்கிகள் அயல் தமிழ்க் கிராமத்தின் அப்பாவிகள் மீதும் திரும்பின. இதையும் நாமே எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவது?

அஷ்ரப் அன்று வேறு என்ன செய்திருக்க முடியும் என்று என்னிடம் இளைஞர்கள் கேட்பதுண்டு. ஸ்ரீமாவோவுக்கு ஆதரவளித்திருந்தாலும் இந்தியப் படை போயிருக்கும், புலிகளும் வந்திருப்பார்கள். பேரம் பிழையல்ல என்றே நான் நினைக்கிறேன். பாராளுமன்றத்துக்குள் நுழைய வழி கேட்டோம், பெற்றோம். படை போன பின் எமது ஊர்களின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்பதையும் அதே மேசையில், அதே இரண்டு நாளைக்கு முன்பு எழுத்தில் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்பது வேறு. ஐந்து வீதத்தால் பயன் பெற்றவர்கள் நாம் மட்டுமல்ல என்பதையும் ஒரு பக்கத்துச் செய்தியாகச் சொல்லி வைக்கிறேன். அன்று வாக்களிப்பவர்களைச் சுட்ட ஜே.வி.பி. பின்னாளில் சிறு சிறு வீதங்களோடு பாராளுமன்றம் புகுந்ததற்கும் அந்தத் திருத்தமே ஏணி. 2024இல் அதன் தலைவர் ஜனாதிபதியுமானார்.

பிரேமதாசவின் கடைசி வருடங்கள் கட்சிக்குள் நடந்த யுத்தம். 1991இல் லலித் அத்துலத்முதலியும் காமினி திஸாநாயக்கவும் அவருக்கு எதிராகக் குற்றப்பிரேரணை கொண்டுவந்தார்கள். சபாநாயகராக இருந்தவர் எம்.எச். முஹம்மத். முதலில் பிரேரணையை ஏற்பதாக அறிவித்த அவர், செல்லுபடியான கையொப்பங்கள் போதாது என்று பின்னர் நிராகரித்தார். பாராளுமன்றம் அப்போது பூட்டப்பட்டிருந்தது. பிரேமதாசவின் பதவி ஒரு முஸ்லிம் சபாநாயகரின் பேனாவில் தப்பியது என்று சொன்னால் அது மிகையல்ல.

1993 ஏப்ரல் 23ஆம் திகதி லலித் சுட்டுக் கொல்லப்பட்டார். பழி ஜனாதிபதி மீது விழுந்தது. எட்டு நாள் கழித்து, மே தின ஊர்வலத்தைத் தானே ஒழுங்குபடுத்திக்கொண்டு ஆமர் வீதிச் சந்தியில் நின்றபோது, அவரது வீட்டார்களோடு பழகி நெருங்கியிருந்த தற்கொலைக் குண்டுதாரி ஒருவன் சைக்கிளில் வந்தான். வாழைத்தோட்டத்திலிருந்து அந்தச் சந்தி அதிக தூரமில்லை. இந்தியப் படையைத் துரத்த எந்த இயக்கத்துக்கு அவர் ஆயுதம் கொடுத்தாரோ, அதே இயக்கம்தான் அவனை அனுப்பியிருந்தது.

அடுத்த வருடம் ஐந்து வீதத்தின் பலன் எங்கள் துறைமுகத்துக்கே வந்தது. 1994இல் சந்திரிகா அரசாங்கம் அமைக்க முஸ்லிம் காங்கிரஸின் ஆசனங்கள் தேவைப்பட்டன. அஷ்ரப் கப்பல் துறை, துறைமுகங்கள் அமைச்சரானார். இன்று சீனக்குடாப் பக்கம் கோதுமைக் கப்பல்களுக்கு அப்பால் உள்ள இறங்குதுறைக்கு அவருடைய பெயர். பிரேமதாசவின் பெயரில் கொழும்பில் ஒரு கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. திருகோணமலையில் அவர் பெயரைச் சொல்ல ஒரு சந்தியும் எனக்குத் தெரியாது. 2019இல் அவரது மகன் சஜித் ஜனாதிபதித் தேர்தலில் நின்றபோது இந்த மாவட்டத்தில் பெரும்பான்மை வாக்கு அவருக்கே விழுந்தது. அப்போதும் எமது தலைவர்கள் கைகோத்து மேடை ஏறினார்கள். வாக்களிப்புக்கு இரண்டு நாளைக்கு முன் அவர்கள் எதை எழுத்தில் வாங்கினார்கள் என்று நான் பலரிடம் விசாரித்தேன். இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.